மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் மேசைகள்

மூடப்பட்ட தொழிற்சாலைகளின் தளபாடங்களை மலிவாக வாங்கி, அழுக்கை மட்டும் துடைத்து, மெழுகிட்டு, பன்மடங்கு விலைக்கு விற்கும் வியாபாரம் ஒன்று கடந்த சில தசாப்தங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது. நெசவாலையின் தள்ளுவண்டி வரவேற்பறையின் தேநீர் மேசையாகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தின் வாங்கு சமையலறைக்குப் போகிறது. இவற்றுள் தனி மதிப்புடன் தேடப்படுபவை பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த பொருட்கள். உயரமான வேலைமேசைகள், விரற்கடை ஆழமேயுள்ள இலாச்சிகள் நிறைந்த அலுமாரிகள், வார்ப்பிரும்புக் காலில் சுழலும் ஆசனங்கள் என்பன அவை. பழைமையும் பார்வைக்கு அழகும் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒரு மணிக்கூட்டுத் தொழிலாளியின் உடல் எவ்வாறு அமர வேண்டும், கை எங்கே தங்க வேண்டும், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பவை யாவும் கணக்கிடப்பட்டே அவை செய்யப்பட்டன. அந்தக் கணக்கு மரத்தில் இன்றும் தெரிகிறது.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு ஆகிய சொற்களைப் போர்த்துக்கீசர் எமக்கு விட்டுச் சென்றனர். இலாச்சி என்பதை ஒல்லாந்தர் தந்து போயினர். தமிழகத்து நண்பர்களுக்கு இவற்றுட் சில புதிராக இருக்கலாம். கடலோடி வந்தவர்கள் போய் நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அவர்களுடைய தளபாடங்களின் பெயர்கள் எம் வீடுகளில் தங்கிவிட்டன. தொழிற்சாலைத் தளபாடங்களின் விடயம் இதற்கு நேரெதிர். பொருள் தங்கிவிடுகிறது, அதில் அமர்ந்திருந்தவர்களின் பெயர்தான் போய்விடுகிறது.

இந்தக் கதையை அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் தொடங்குவதே முறை. 1850ஆம் ஆண்டில் பொஸ்டனை அடுத்த றொக்ஸ்பரியில் ஆரன் டெனிசன், எட்வேர்ட் ஹவார்ட், டேவிட் டேவிஸ் ஆகிய மூவர் மணிக்கூடு செய்யும் நிறுவனமொன்றைத் தொடங்கினர். டெனிசனின் எண்ணம் அன்றைய நிலையில் துணிச்சலானது. ஸ்பிறிங்ஃபீல்ட் அரச ஆயுதச்சாலையில் துப்பாக்கிகள், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாற்றிப் பொருத்தக்கூடிய வகையில் செய்யப்பட்டு வந்தன. அதே முறையில் சட்டைப்பை மணிக்கூட்டையும் ஏன் செய்ய முடியாது என்று அவர் கேட்டார். அதுவரை சுவிற்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் மணிக்கூடு என்பது பல சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் துண்டுதுண்டாகச் செய்யப்பட்டு, இறுதியில் ஒரு கைவினைஞரால் அரத்தால் தேய்த்துப் பொருத்தப்படும் பொருளாகவே இருந்தது. ஒரு மணிக்கூட்டின் சில்லு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

றொக்ஸ்பரியில் தூசி தொல்லை கொடுத்தது. நுண்ணிய பற்சில்லுகளுக்கு இடையே ஒரு மணற்றுகள் புகுந்தாலே வேலை கெடும். ஆகவே 1854இல் சாள்ஸ் ஆற்றங்கரையில், வோல்தம் என்ற ஊரில், மரங்களும் புல்வெளியும் சூழ்ந்த இடத்துக்குத் தொழிற்சாலை பெயர்ந்தது. அடுத்த மூன்றாண்டுக்குள் நிறுவனம் முறிந்தது. 1857இல் அது ஏலத்துக்கு வந்தபோது றோயல் றொபின்ஸ் என்ற வணிகர் வாங்கினார். ஆக, உலகின் முதற்பெரும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் மேசைகளும் இயந்திரங்களும் ஏலக் கோலைக் கண்டது அதன் முதுமையில் அல்ல, குழந்தைப் பருவத்திலேயே. டெனிசன் சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார். பின்னர் இங்கிலாந்து சென்று பேர்மிங்ஹாமில் மணிக்கூட்டு உறைகள் செய்து வாழ்ந்தார். தொடக்கியவர் ஒருவர், அனுபவித்தவர் இன்னொருவர் என்பது தொழில் வரலாற்றில் புதிதல்லவே.

அமெரிக்க உள்நாட்டுப் போர் வோல்தத்தைத் தூக்கி நிறுத்தியது. படைவீரர்களுக்காகச் செய்யப்பட்ட வில்லியம் எலரி என்ற மலிவு விலை மணிக்கூடு பெருந்தொகையில் விற்றது. அதன் பிறகு தொழிற்சாலை ஆற்றங்கரை நெடுகிலும் வளர்ந்தது. அக்கட்டடத்தின் அமைப்பைப் பார்த்தால் அங்கே செய்யப்பட்ட தளபாடங்களின் இரகசியமும் விளங்கும். மின்விளக்கு வருவதற்கு முன்னைய காலம். ஒளி என்பது சூரிய ஒளிதான். எனவே கட்டடத்தின் சிறகுகள் ஒடுக்கமாகக் கட்டப்பட்டன. இருபுறமும் வரிசையாகப் பெரிய யன்னல்கள், இடையிடையே முற்றங்கள். யன்னலை ஒட்டியே நீண்ட வேலைவாங்குகள் சுவரோடு சுவராக ஓடின. கட்டடமே ஒரு வகையில் வாங்குகளுக்குப் போட்ட உறைதான்.

மணிக்கூட்டு மேசை சாதாரண எழுதுமேசையைவிட உயரமானது. அமர்ந்திருப்பவரின் மார்பளவுக்கு வரும். தையல்காரரோ தச்சரோ குனிந்து வேலை செய்யலாம். மணிக்கூடு செய்பவர் குனிந்தால் மூச்சு முட்டும், கை நடுங்கும். ஆகவே பொருள் கண்ணருகே உயர்த்தப்படுகிறது. முழங்கையும் முன்கையும் மேசைமேல் முழுமையாகத் தங்குகின்றன. அசைவது விரல்நுனி மட்டுமே. மேசையின் விளிம்பில் சிறு வரம்பு இருக்கும், உருண்டோடும் திருகாணியைத் தடுக்க. அதையும் தாண்டி விழுவதைப் பிடிக்க, மடிக்கு மேலாக இழுத்துக்கொள்ளும் ஓர் ஏந்து தட்டு. சில மேசைகளில் அதன் அடிப்பாகம் பலகையால் அன்றித் துணியால் அமைந்திருக்கும், விழுந்தது துள்ளிவிடாதிருப்பதற்காக. ஒரு தையல் விரலுறைக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கக்கூடிய திருகாணிகளைக் கையாண்ட இடமல்லவா அது! இலாச்சிகள் ஆழமற்றிருப்பதன் காரணமும் இதுவே. ஆழமான இலாச்சியில் சிறு உறுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தொலையும். ஆழமற்றதில் ஒரே அடுக்காகப் பரந்து கண்ணுக்குத் தெரியும்.

இந்த அமைப்பை நாம் அறியாதவர்கள் அல்லர். யாழ்ப்பாண நகரத்திலோ கொழும்பு புறக்கோட்டையிலோ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு இருக்கும் மணிக்கூடு திருத்துபவரை நினைத்துப் பாருங்கள். முழங்கையை ஊன்றிய இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். மேசையை விட்டு அவர் முகம் ஒரு சாண் தூரத்துக்கு மேல் விலகாது. வோல்தத்தின் யன்னலோரத்தில் இருந்தவர்களும் அவரும் ஒரே உடல்மொழிக்காரர்கள். வேறுபாடு என்னவென்றால், இவர் முழு மணிக்கூட்டையும் அறிந்தவர். அவர்களுட் பலர் தம் வாழ்நாளில் ஒரு சில்லின் பல்லையோ ஒரு முள்ளின் முனையையோ மட்டும் கண்டவர்கள்.

அவர்களுட் பெருந்தொகையினர் பெண்கள். நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து முன்னர் நெசவாலைகளுக்குச் சென்ற பெண்களைப் போலவே பலர் மணிக்கூட்டு ஆலைக்கும் வந்தனர். நெசவாலையுடன் ஒப்பிட்டால் இங்கு இரைச்சலும் தூசியும் குறைவு, வேலையும் மதிப்பானதாகக் கருதப்பட்டது. அக்காலப் புகைப்படங்களில் நீண்ட வாங்குகளின் முன் வரிசையாக, யன்னலை நோக்கி, முதுகை எமக்குக் காட்டியபடி அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். எதிரே ஒளி, பின்னே நடந்து திரியும் மேற்பார்வையாளர். முகம் தெரியாத இந்தப் புகைப்படங்களைத்தான் இன்று பழம்பொருள் வியாபாரிகள் தம் பொருள் உண்மையானது என்பதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். மேசையை அடையாளம் காட்டப் பெண்களின் முதுகு பயன்படுகிறது.

1876ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் வோல்தம் தன் தானியங்கித் திருகாணி இயந்திரங்களை நிறுத்தியது. அதைப் பார்க்கச் சுவிற்சர்லாந்திலிருந்து லோஞ்சின் நிறுவனத்தின் பொறியியலாளர் ஜாக் டேவிட் வந்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளை நேரிற் கண்டு அவர் எழுதிய அறிக்கை சுவிஸ் மணிக்கூட்டுத் துறையை உலுக்கியது. அமெரிக்காவுக்கான அவர்களின் ஏற்றுமதி அந்த நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. திறமை குறைவால் இது நேரவில்லை, ஒழுங்கமைப்புக் குறைவால் நேர்ந்தது என்று டேவிட் தம் நாட்டவர்க்கு உணர்த்தினார். சுவிஸ்காரர் பாடம் படித்தனர். வீடுகளில் சிதறிக் கிடந்த வேலை மெல்ல மெல்ல ஆலைக் கூரையின் கீழ் வந்தது. யூரா மலைப் பகுதியின் தொழிற்சாலைகளிலும் யன்னலோர வாங்குகள் நீண்டன.

பின்னர் அதே சுவிஸ்காரரின் போட்டியே வோல்தத்தை வீழ்த்தியது. கைக்கடிகாரம் சட்டைப்பை மணிக்கூட்டை ஓரங்கட்டியதும், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகள் படைத்தேவைக்கு வேலை செய்துகொண்டிருக்க நடுநிலை நாடான சுவிற்சர்லாந்து சந்தையை நிரப்பியதும் காரணங்களாகின. 1949இல் நிறுவனம் முறிந்தது. 1957இல் மணிக்கூடு உற்பத்தி நின்றது. நூறாண்டுக்கும் சற்று மேற்பட்ட காலத்தில் சுமார் 40 மில்லியன் மணிக்கூடுகள் அங்கே பிறந்தன. வோல்தத்திலிருந்து பிரிந்துசென்ற வல்லுநர்களைக் கொண்டு 1864இல் சிக்காகோ முதலீட்டாளர்கள் தொடங்கிய எல்ஜின் தொழிற்சாலை அதனினும் கூடுதலாக, 60 மில்லியனளவில் செய்தது. அதன் மணிக்கூண்டுடன் கூடிய கட்டடம் 1966இல் இடித்துத் தள்ளப்பட்டது. வோல்தத்தின் கட்டடம் மட்டும் தப்பியது. ஆற்றங்கரையில் இன்று அங்கே அலுவலகங்களும் குடியிருப்புகளும் உள்ளன.

ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது தளபாடங்களுக்கு என்ன நேர்கிறது? முதலில் இயந்திரங்கள் போகும், ஏனெனில் அவற்றுக்குத்தான் விலை. மேசை, வாங்கு, அலுமாரி என்பவை கடைசியில் ஒட்டுமொத்தமாகப் போகும், அல்லது விறகாகும். சில பொருட்களை அங்கே வேலை செய்தவர்களே வீட்டுக்குக் கொண்டுசென்று வண்டிக்கொட்டிலில் போட்டுவைப்பர். ஒரு தலைமுறை கழிந்து பேரப்பிள்ளைகள் வீட்டை விற்கும்போது அவை வெளியே வரும். சுவரோடு சுவராக ஓடிய நீண்ட வாங்குகள் பெரும்பாலும் துண்டுகளாக அறுக்கப்பட்டே சந்தைக்கு வருகின்றன. நாற்பது பேர் வரிசையாக இருந்த பலகை இரண்டு பேர் உணவருந்தும் அளவுக்குக் குறுகிவிடுகிறது.

எம் பத்திரிகைத் தொழிலிலும் இதனை ஒத்த ஒன்று நடந்தது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலம் முடிந்தபோது எழுத்துத் தட்டுகள் வேண்டாப் பொருளாகின. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறையாக, தமிழுக்கென்றால் எத்தனையோ அறைகளாக, தடுக்கப்பட்ட அந்த மரத்தட்டுகள் இன்று மேலைநாட்டு வீடுகளின் சுவர்களில் சிறு பொம்மைகளைத் தாங்கி நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்கு முகப்புச் செய்தியைக் கண்ணாடி பார்ப்பதுபோல இடவலமாக வாசித்துப் பிழை சொன்ன அச்சுக்கோப்பாளர்களை நேரில் அறிந்த எவருக்கும் அந்தப் பொம்மைகளைப் பார்க்கும்போது கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். எனினும் விறகானதைவிட இது மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வாறு சிதறாமல், ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையே கண்டம் தாண்டிப் போன கதையும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரில் டூபர்-ஹம்டன் என்ற நிறுவனம் இருந்தது. மணிக்கூட்டு உறை செய்துவந்த ஜோன் டூபர், ஸ்பிறிங்ஃபீல்டிலிருந்த ஹம்டன் நிறுவனத்தை வாங்கி, 1880களின் இறுதியில் இரண்டையும் கன்ரனுக்குக் கொண்டுவந்து இரட்டைத் தொழிற்சாலைகளாக நிறுத்தினார். 1907இல் அவர் மறைந்தார். 1920களில் நிறுவனம் கைமாறி, 1927இல் கடன்காரரின் பொறுப்புக்குப் போயிற்று. அதே காலத்தில் சோவியத் ஒன்றியம் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் இறங்கியிருந்தது. புகையிரதங்களும் ஆலைகளும் நேரத்துக்கு இயங்க வேண்டும். ஆனால் நாட்டில் மணிக்கூடு செய்யும் பெருந்தொழில் இல்லை. புரட்சிக்கு முன்னர் ரஷ்யாவில் விற்ற மணிக்கூடுகளின் உட்பொறி பெரும்பாலும் சுவிற்சர்லாந்திலிருந்தே வந்தது.

நியூயோர்க்கில் 1924இல் அமைக்கப்பட்ட அம்டோர்க் என்ற சோவியத் வணிக நிறுவனம் இந்த வேலையை மேற்கொண்டது. அமெரிக்கா சோவியத் அரசை அப்போது இராஜதந்திர ரீதியில் அங்கீகரித்திருக்கவுமில்லை. அது 1933இல்தான் நடந்தது. வியாபாரத்துக்கு அது தடையாகவில்லை. 1930இல் டூபர்-ஹம்டனின் இயந்திரங்களும் கருவிகளும், முடிந்ததும் முடியாததுமான உதிரி உறுப்புகளும் 325,000 டொலருக்கு விலைபேசப்பட்டன. 28 புகையிரதச் சரக்குப் பெட்டிகளில் அவை கன்ரனை விட்டுப் புறப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து, அங்கே வேலை செய்த 21 பேரும் ரஷ்யத் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்க மொஸ்கோ சென்றனர். பங்குச்சந்தை சரிந்து பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த நேரம். பிறந்த ஊரில் இல்லாத வேலை, தாம் பழகிய அதே இயந்திரத்தின் பின்னால் கடல் கடந்து போனால் கிடைத்தது. முதலாளித்துவ நாட்டின் தொழிலாளி, முதலாளியால் கைவிடப்பட்ட தன் கருவியுடன் பாட்டாளி அரசுக்குக் கூலிக்குப் போனார் என்பதில் உள்ள முரண்நகையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1930 நவம்பரில், ஒக்டோபர் புரட்சியின் ஆண்டு நிறைவை ஒட்டி, மொஸ்கோவின் முதலாவது அரச மணிக்கூட்டுத் தொழிற்சாலை தன் முதல் மணிக்கூடுகளை வெளியிட்டது. தொடக்கத்தில் செய்யப்பட்டவற்றுட் சிலவற்றில் கன்ரனின் பெயரும் ரஷ்ய எழுத்துக்களும் ஒரே உட்பொறியில் காணப்படுகின்றன. கொண்டுவந்த உறுப்புகளை வீணாக்காமல் பொருத்தியதன் விளைவு அது. சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைப் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் இருந்த அன்சோனியா மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் இயந்திரங்களும் அதே காலத்தில் அதே வழியாகச் சென்று இரண்டாவது மொஸ்கோ தொழிற்சாலைக்கு வித்தாகின. வெறுமையான அன்சோனியா கட்டடம் 1980களில் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது. மொஸ்கோ தொழிற்சாலைக்கு 1935இல் கிரோவின் பெயர் சூட்டப்பட்டது. 1941இல் ஜேர்மானியப் படைகள் நெருங்கியபோது அது யூரல் மலைப் பகுதியிலுள்ள ஸ்லாடவுஸ்ற் நகருக்கு இடம்பெயர்ந்தது. இயந்திரங்களுக்கு இது இரண்டாவது இடப்பெயர்வு. போரின் நடுவே தொழிற்சாலையின் ஒரு பகுதி மொஸ்கோ திரும்பியது. மறுபகுதி ஸ்லாடவுஸ்றிலேயே தங்கித் தனித் தொழிற்சாலையானது. 1961இல் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றபோது அவரது மணிக்கட்டில் இருந்தது மொஸ்கோவின் அந்த முதலாவது தொழிற்சாலையின் தயாரிப்பே. இடப்பெயர்வு என்ற சொல்லை அன்றாடம் எழுதிப் பழகிய எமக்கு, கருவிகளும் இடம்பெயரும் என்பதும், புதிய ஊரில் வேர்விடும் என்பதும் வியப்பாக இராது.

தொழிற்சாலையின் பொருள் யாருக்குரியது என்ற வினாவை நேரடியாகவே எழுப்பியவர்கள் பிரான்சின் பெசான்சோன் நகரத்து லிப் மணிக்கூட்டுத் தொழிலாளர்கள். 1973இல் ஆட்குறைப்புத் திட்டம் இருப்பது தெரியவந்ததும் அவர்கள் ஆலையைக் கைப்பற்றினர். இருப்பிலிருந்த மணிக்கூடுகளை இரகசிய இடங்களுக்கு மாற்றினர். பின்னர் தாமே செய்து, தாமே விற்று, தமக்கே சம்பளம் கொடுத்தனர். ஓகஸ்ற் நடுப்பகுதியில் பொலிஸார் புகுந்து ஆலையைக் காலிசெய்தபோதும் போராட்டம் ஓயவில்லை. செப்டெம்பர் இறுதியில் பெசான்சோனில் நடந்த பேரணியில் சுமார் ஒரு இலட்சம் பேர் திரண்டனர். மேசையும் கருவியும் இருந்தால் எந்தக் கூடத்திலும் மணிக்கூடு செய்யலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். பழம்பொருட் கடையின் விளக்கச் சீட்டுகளில் இந்த வகை வரலாறு இடம்பெறுவது அரிது.

இடம்பெற வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது வெறும் மனச்சாட்சி விடயமல்ல, உடல்நல விடயம். முதலாம் உலகப் போர்க்காலத்திலிருந்து இருளில் ஒளிரும் மணிக்கூட்டு முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டப்பட்டது. நியூஜேர்சியின் ஒறேஞ்ச், கனெக்டிகட்டின் வோட்டர்பரி, இலினோயின் ஒட்டாவா ஆகிய ஊர்களில் இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி எண்களை எழுதினர். அவ்வாறு செய்யவே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. தாடையெலும்பு உக்கியும் இரத்தம் கெட்டும் பலர் மாண்டனர். ஒறேஞ்ச் ஆலையை 1924இல் ஆராய்ந்த ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கர் குழுவினர் கண்டது என்ன தெரியுமா? இருட்டறையில் பெண்களின் தலைமுடியும் முகமும் உடையும் ஒளிர்ந்தன. அதுமட்டுமல்ல, யாரும் அமராத கதிரைகளிலிருந்து எடுத்த தூசியும் ஒளிர்ந்தது. நிறுவனம் அந்த அறிக்கையை வெளியிட விரும்பவில்லை. 1927இல் கிறேஸ் ஃபிறையரும் வேறு நால்வரும் தொடுத்த வழக்கு மறுவருடம் இணக்கத்தில் முடிந்தது. ஒட்டாவாவின் கதறின் டொனஹியூ 1938இல் தன் வழக்கில் வென்றார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

ரேடியம்-226 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். ஆனால் அதனோடு கலந்து ஒளியைத் தந்த நாக சல்பைட்டு சில ஆண்டுகளிலேயே களைத்துவிடும். எனவே முகப்பு வர்ணம் தீட்டிய அறையிலிருந்து வந்த ஒரு மேசை இன்று இருளில் ஒளிராது, எனினும் அதன் பலகை இடுக்குகளில் கதிர்வீச்சு இருக்கக்கூடும். ஒளி அணைந்தமையால் ஆபத்து அணைந்ததென்று பொருளல்ல. வர்ணம் தீட்டிய அறை எது, பற்சில்லு வெட்டிய அறை எது என்பதெல்லாம் ஏலத்தில் பிரித்துச் சொல்லப்படுவதில்லை. எல்லாம் "மணிக்கூட்டுத் தொழிற்சாலைத் தளபாடம்" என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் 1920கள், 30களைச் சேர்ந்த மேசையை வாங்கி அதில் பிள்ளைகளுக்கு உணவு பரிமாற எண்ணுபவர்கள் முதலில் ஒரு கைகர் மானியால் அதைச் சோதிப்பது நல்லது. ஏந்து தட்டின் மூலைகளையும் இலாச்சிகளின் அடிப்பாகத்தையும் மறக்காமற் பார்க்கவேண்டும், தூசி தங்குமிடம் அதுவே.

எமது பிராந்தியத்தில் இத்தகைய முடிவைக் கண்டது எச்.எம்.ரி. மணிக்கூடு. 1961இல் ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கி, நேருவின் கையால் முதல் மணிக்கூடுகளை வெளியிட்டு, தும்கூர், ராணிபாக், ஸ்ரீநகர் எனக் கிளைவிட்ட அரச நிறுவனம் அது. 1980களின் நடுப்பகுதியில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து ஓசூரில் தொடங்கிய டைட்டன், மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூடுகளால் அதன் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டது. 2016இல் இந்திய அமைச்சரவை எச்.எம்.ரி. மணிக்கூட்டு நிறுவனத்தை மூட அங்கீகாரம் அளித்தது. தும்கூர்த் தொழிற்சாலை நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் கைக்குச் சென்றது. 2019இல் பெங்களூரில் எச்.எம்.ரி. அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் இடம் அமைந்தது நல்ல காரியம். வோல்தத்துக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு எல்ஜினுக்கும் கன்ரனுக்கும் அதே அளவிற் கிடைக்கவில்லை.

இலங்கையில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை இல்லாவிட்டாலும் தொழிற்சாலையை அழகுப்பொருளாக்கும் வித்தை தெரியாததல்ல. நுவரெலியா கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்டது. பழைய இயந்திரங்களும் யன்னல்களும் பேணப்பட்டன. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாகின. இடித்துத் தரைமட்டமாக்காமல் காத்தது பாராட்டத்தக்கது என்றே நான் கருதுகிறேன். எனினும் பொதுவாகவே தேயிலை இயந்திரத்தின் கதையைக் கேட்க வரும் கூட்டம், கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் லயன் காம்பராவைப் பற்றிக் கேட்பதில்லை.

தேவை பெருகியபோது போலியும் பெருகியது. இராஜஸ்தானின் ஜோத்பூர் மாமரப் பலகையாலும் இரும்பாலும் "பழைய தொழிற்சாலை" பாணித் தளபாடங்களைச் செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. போலியென்று சொன்னாலும் அங்கும் கைத்திறன் உண்டு, கூலிக்கு உழைக்கும் கைகளும் உண்டு. புதிதைப் புதிதென்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழையதென்று விற்பதே குற்றம். உண்மையை இனங்காண அனுபவசாலிகள் சில இடங்களைப் பார்ப்பர். போலியில் தேய்வு எங்கும் ஒரே சீராக இருக்கும். உண்மையான மேசையில் அது ஒரு மனிதரின் பழக்கத்தைப் பின்பற்றும்: இரு முன்கைகள் தங்கிய இரண்டு பள்ளங்கள், வலப்பக்க இலாச்சிப் பிடியில் மட்டும் உராய்வு, கால் ஊன்றிய குறுக்குச் சட்டத்தில் ஒரு புறம் குழிவு. கடைசல் இயந்திரத்தைப் பூட்டிய துளைகளும், வார்ப்பட்டி கீழிருந்து ஏறிவந்த நீள்சதுர வெட்டும் மேற்பலகையில் இருக்கும். எண்ணெய் மரத்தின் உள்ளே இறங்கிக் கறுத்திருக்கும், மேலே பூசிய கறுப்பு சுரண்டினால் உதிரும். ஆசனமென்றால், ஒஹாயோவின் ரொலீடோ நகரில் 1897இல் தொடங்கிய இரும்புத் தளபாட நிறுவனத்தின் சுழலும் ஆசனங்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்துச் செய்த நகல்களும் அவற்றுக்கு அருகிலேயே நிற்கின்றன.

இலாச்சிகளை முழுவதும் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்ப்பதும் வழக்கம். அடிப்பலகையில் பிரிவின் இலக்கமோ, பென்சிலால் குறித்த உறுப்பின் அளவோ சிலவேளை இருக்கும். மூலைகளில் பித்தளைத் தூளும், எப்போதோ தவறவிட்ட ஒரு திருகாணியும் அகப்படும். வியாபாரிகள் அதைத் துடைத்துவிடாமல் அப்படியே விட்டுவைக்கின்றனர். விலை கூடுவதற்கு அது உதவுகிறதாம்.